நடுவில் கோப்பையுடன் நிற்பவர்

ஓசூர்
10 ஜனவரி 2026, சனிக்கிழமை, மாலை 4.10
படங்கள் 64. குறிப்பு எழுதியவை 22. தேறியது ஒன்றுமில்லை.

பூங்கொடி அக்காவுக்கு,

நேற்றுப் போனில் இருவரும் கத்தினோம். "இனிமே இதைப் பத்திப் பேசணும்னா கடுதாசி எழுது. எழுதுறப்பவாவது நீ மூச்சு விடுவ" என்று சொல்லி வைத்துவிட்டாய். சரி, எழுதுகிறேன்.

நீ ஆறு வருடம் தமிழ் நடத்திய பள்ளியை விட்டு, மாறுதல் வாங்கிக்கொண்டு சங்கரன்கோவிலுக்குப் போனாய். போகிற போக்கில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆண்டு மலரை என் தலையில் கட்டினாய். படங்கள் எடுத்தாகிவிட்டன, கீழே எழுதுகிற குறிப்பு மட்டும்தான் பாக்கி, நாலு சனிக்கிழமை போதும் என்றாய். நான் டிப்ளமோ மெக்கானிக்கல். கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? எங்கள் கம்பெனி அச்சுச் செலவை ஏற்றுக்கொள்கிறது என்பதைத் தவிர ஒன்றுமில்லை.

உன் பிள்ளைகள் எழுதியதைப் பார். மரக்கன்று நடுகிற படத்துக்கு "மறக்க முடியாத தருணம்". சத்துணவு வரிசைக்கு "மறக்க முடியாத தருணம்". வாட்ச்மேன் கேட்டைத் திறக்கிறார், அதற்கும் அதே. யாருக்கு மறக்க முடியாதது? வாட்ச்மேனுக்கா? தினமும் திறக்கிறார்.

போர்டில் எங்கள் கம்பெனி டேக் ஒன்றை வரைந்தேன். ஒரு பீஸ் தேறவில்லையென்றால் அதில் டேக் கட்டுவோம். என்ன பீஸ், எந்த மெஷின், எந்த ஷிப்ட், யார் பார்த்தது. படத்துக்கும் அதேதான் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து சந்தோஷ் என்று ஒருத்தன் எழுந்தான்.

"அப்ப நாங்கெல்லாம் ரிஜெக்ட் பீஸுங்களா சார்?"

கிளாஸே சிரித்தது. நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இல்ல சார், மரம் நடறது படத்துலியே தெரியுது. கீழ எதுக்குங்க சார் மரம் நடறாங்கன்னு எழுதணும்? படிக்கறவங்களுக்குக் கண்ணு தெரியாதுங்களா?"

"பேசாம எழுது" என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் பதில் இருந்தால் எழுது.

இன்னொன்று. பதினேழாம் படம், கோ-கோ அணி. பின்பக்கம் சிவப்பு மையில் "பெயர்கள் வேண்டாம். கோ-கோ அணியினர் என்று மட்டும் போதும்" என்று எழுதி வைத்திருக்கிறாய். ஏன்? ஒன்பது பெண்கள் நிற்கிறார்கள், நடுவில் ஒருத்தி கோப்பையோடு. அவர்களுக்கெல்லாம் பெயர் இல்லையா?

விஜயகுமார்


சங்கரன்கோவில்
18 ஜனவரி 2026

டேய் விஜயா,

சந்தோஷை உட்காரச் சொன்னதற்கு முதலில் உன்னைத்தான் பெஞ்சு மேல் ஏற்ற வேண்டும். ஆறு வருடத்தில் அந்த வகுப்பில் கேட்ட நல்ல கேள்வி அது.

போய் அவனிடம் சொல். படத்தில் தெரிவதை எழுதாதே, தெரியாததை எழுது. கேமராவுக்கு ஒரு நொடிதான் தெரியும். அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன ஆயிற்று என்று பக்கத்தில் நின்றவனுக்குத்தான் தெரியும். அவன்தான் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் படத்தை மூடிவிட்டு வரியை மட்டும் படிக்கச் சொல். அந்த வரி வேறொரு படத்துக்கும் பொருந்துகிறதா? கிழித்துப் போடச் சொல். முகம் கோணுவார்கள். விடாதே.

பிள்ளைகளைத் திட்டாதே. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டு வந்து நம்மிடம் தமிழில் எழுதுகிறார்கள். "மறக்க முடியாத தருணம்" பத்திரமான வரி. யாரும் அதில் பிழை பிடிக்க முடியாது. அதனால்தான் அங்கே ஒதுங்குகிறார்கள்.

பதினேழாம் படத்தை விட்டுவிடு. நடுவில் நிற்கிற மஞ்சுளா அக்டோபரில் படிப்பை நிறுத்திவிட்டாள். ஓசூரில் வேலைக்குப் போகிறாள். அவள் பெயர் அச்சில் வர வேண்டாம். அவள் ஒருத்தியை மட்டும் விட்டால் எடுப்பாகத் தெரியும் என்பதால்தான் யார் பெயருமே வேண்டாம் என்றேன். இதில் மட்டும் உன் புத்தியைக் காட்டாதே.

இங்கே வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. அத்தான் உன்னைக் கேட்டார். சாப்பிடுகிறாயா, இல்லை கேன்டீன் பொங்கல்தானா?

அக்கா


ஓசூர்
1 பிப்ரவரி 2026, ஞாயிறு

அக்கா,

ஒப்புக்கொள்கிறேன், உன் வழி வேலை செய்கிறது. முதல் நாள் இருபத்திரண்டையும் கிழித்தோம். இரண்டு பெண்கள் அழுதார்கள். அடுத்த வாரம் சந்தோஷ் எழுதிக் கொடுத்தது இது:

"இந்தப் புங்கங்கன்றை நட்ட மறுவாரமே ஆடு தின்றுவிட்டது. மண்வெட்டியுடன் நிற்பவர் மறுபடி நட்டார். ஆடும் மறுபடி வந்தது."

கொடியேற்றும் படத்துக்கு: "கயிறு மூன்றாவது இழுப்பில்தான் அவிழ்ந்தது. முதல் இரண்டுக்கும் நாங்கள் கை தட்டிவிட்டோம்." தலைமையாசிரியர் படித்துவிட்டு "இது தேவையா தம்பி?" என்றார். தேவை சார் என்றேன். சிரித்துவிட்டார்.

ஆனால் எல்லாவற்றையும் விட நல்லது லாவண்யா எழுதியது. வாயே திறக்காத பெண், ஜவளகிரியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவள் எழுதியது பதினேழாம் படத்துக்கு:

"ராயக்கோட்டை, ஆகஸ்ட் 2025. நடுவில் கோப்பையுடன் நிற்பவர் க. மஞ்சுளா. இறுதி ஆட்டத்தில் ஐந்து பேரைத் தொட்டு வெளியேற்றினார். தக்காளி மண்டியில் கூடை தூக்கி ஒரு வருடம் போனதால் எங்களைவிட ஒரு வயது மூத்தவர், வரும் ஜூனில் பதினெட்டு. அக்டோபரிலிருந்து வருவதில்லை, ஓசூரில் கம்பெனி வேலை. எங்கள் பெஞ்சில் அவர் இடத்தில் இதுவரை யாரும் உட்காரவில்லை."

படத்தை மூடிவிட்டுப் படித்துப் பார். வேறு எந்தப் படத்துக்குப் பொருந்தும்?

நீ விடச் சொன்னாய். நான் விடவில்லை. யோசித்துத்தான் செய்தேன். படிப்பை நிறுத்திய பிள்ளையைப் பள்ளிக்கூடம் பதிவேட்டிலிருந்து எடுக்கும், சரி. படத்திலிருந்துமா எடுப்பீர்கள்? ஜெயித்துக் கொடுத்தது அவள், கோப்பை ஹெச்.எம். ரூமில் இருக்கிறது, பெயர் மட்டும் வேண்டாமா? உங்கள் தேர்ச்சி விழுக்காட்டுக்கு அசிங்கம் என்றால் நேராகச் சொல். அந்த வரியை நான் ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. மற்ற எட்டுப் பெயர்களை மட்டும் இடமிருந்து வலமாகச் சேர்த்தேன்.

செவ்வாய்க்கிழமை புரூஃப் எங்கள் வெல்ஃபேர் ஆபீசர் மூர்த்தி சாருக்குப் போகிறது. அவர் கையெழுத்துப் போட்டால் அச்சுக்கு.

விஜயகுமார்


சங்கரன்கோவில்
8 பிப்ரவரி 2026, ஞாயிறு

விஜயா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமைதான் கைக்கு வந்தது. அன்று ராத்திரி போனில் நான் பேசியதில் பாதி அழுகை, மீதி திட்டு. உனக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. "திங்கக்கிழமை ஆபீஸ் தெறக்கட்டும், புரூஃபைத் திருப்பி வாங்கிடறேன்" என்றாய். இந்தக் கடிதம் வருவதற்குள் நடக்க வேண்டியது நடந்திருக்கும். ஆனாலும் முழுசாக எழுதுகிறேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மஞ்சுளா வேலை பார்ப்பது உன் கம்பெனியில்தான். காண்ட்ராக்டர் மூலம் போன பிள்ளை. ஓயரிங் செக்‌ஷனில் இருக்கிறாள், நீ பார்த்திருக்க மாட்டாய். பார்த்திருந்தாலும் மஞ்சுளா என்று தெரிந்திருக்காது. அங்கே அவள் பெயர் நிர்மலா.

நிர்மலா அவளுடைய அக்கா. பன்னிரண்டாவது பாஸ், கல்யாணமாகிக் கர்நாடகத்தில் மாலூர் பக்கம் போய்விட்டாள். சான்றிதழும் ஆதாரும் வீட்டில் சும்மா கிடந்தன. இரண்டு பேருக்கும் ஒரே முகம். தங்கச்சி அதை எடுத்துக்கொண்டு போனாள்.

ஏன் என்று நீ கேட்பாய். அப்பா கங்கப்பன் கல் குவாரியில் விழுந்து இடுப்பு போய்ப் படுக்கையில் கிடக்கிறார். செப்டம்பரில் வீட்டில் பேச்சு வந்தது. நிர்மலாவின் கொழுந்தனுக்கு மஞ்சுளாவைக் கொடுத்துவிடலாம், ஒரு வாய் குறையும் என்று. அந்தப் பையன் குடிக்கிறவன். இவள் என்னிடம் வந்து அழவில்லை. கணக்குச் சொன்னாள். "டீச்சர், நான் சம்பளம் கொண்டாந்தா கல்யாணப் பேச்சு நின்னுரும். ஜூன்ல பதினெட்டு ஆயிருச்சுன்னா என் பேர்லியே சேர்ந்துக்குவன். பிரைவேட்டா எழுதறன்." நான் தப்பு என்று சொல்லவில்லை. சொல்ல என்னிடம் வேறு வழி இருந்ததா? வேலை இருக்கிற வரைக்கும் அவளுக்குக் கல்யாணம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ சரியாக இல்லாத எதையும் விட்டுவைக்க மாட்டாய். சின்ன வயதில் நம் அப்பா ரேஷன் கார்டில் ஒரு ஆள் கூடுதலாகக் காட்டியதைப் போய்ச் சொன்னவன் நீ. நீயே சொல்லு, அக்டோபரில் உனக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? பதில் எழுது. மழுப்பாதே.

அக்கா


ஓசூர்
15 பிப்ரவரி 2026, ஞாயிறு

அக்கா,

போனில் நீ கேட்டதற்கெல்லாம் "பிறகு சொல்றேன்" என்றேன். இப்போது வரிசையாகச் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே கேட்டில் நின்றேன். மூர்த்தி சார் ஒன்பதுக்குத்தான் வருவார். ஒன்பதடிக்கப் போகிற நேரத்தில் டீ குடிக்கக் கேன்டீனுக்குப் போனேன். நோட்டீஸ் போர்டில் பதினேழாம் படம் இருந்த புரூஃப் தாள் ஒட்டியிருந்தது. மூர்த்தி சார் வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஒட்டிவிட்டார். "நம் நிறுவனத்தின் உதவியில் மாணவர்களின் கைவண்ணம்" என்று மேலே ஸ்கெட்ச் பேனாவில் தலைப்பு. அறுபத்து நாலு படத்தில் அந்த ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார். ஏன் தெரியுமா? எழுதியது நன்றாக இருந்தது என்று. அதை அவரே என்னிடம் பிறகு சொன்னார்.

நான் அதை எடுக்கப் போகும்போது ஓயரிங் செக்‌ஷன் பெண்கள் டீக்கு வந்துவிட்டார்கள்.

"ஏய் நிர்மலா! இங்க வாடி, கப்போட நீதான்டி நிக்கிற!"

"அடிப்பாவி, கோ-கோ பிளேயராடி நீ? சொல்லவே இல்ல?"

"அய்யே, பேரைப் பாரு. மஞ்சுளான்னு போட்டு வெச்சிருக்கானுங்க. எவன்டி இதை எழுதுனது?"

அவள் கும்பலுக்குப் பின்னால் நின்றாள். அப்போதுதான் முதல் தடவையாக அவளைப் பார்த்தேன். கையில் டீ. "நானில்லடி, எங்க தங்கச்சி" என்று சொன்னாள். யோசித்து வைத்திருந்த பதில்தான், ஆனால் சத்தம் வரவில்லை. யார் காதிலும் விழவில்லை. நான் பேப்பரைப் பிய்த்தேன். ஒரு பெண் என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டாள். "குடுங்கண்ணா, சார்கிட்ட காட்டி பேரை மாத்தச் சொல்லணும். எங்க பொண்ணு ஜெயிச்சதுக்கு வேற எவளோ பேரா?"

நான் விடு என்றேன். காரணம் சொல்லாமல் ஒரு ஆள் கத்தினால் யார் விடுவார்கள்? நாலு பேர் மூர்த்தி சார் ரூமுக்குப் போய்விட்டார்கள். தோழிக்கு நியாயம் கேட்கப் போனார்கள் அக்கா. அவரும் பேரைத் திருத்தத்தான் ஃபைலை எடுத்தார். நிர்மலா, த/பெ கங்கப்பன், வயது இருபத்திரண்டு. படத்தில் இருப்பவளுக்கு ஜூனில் பதினெட்டு.

மத்தியானத்துக்குள் ஐ.டி. கார்டை வாங்கிவிட்டார்கள். மூர்த்தி சார் திட்டவில்லை. "ஏம்மா இப்பிடிப் பண்ண, இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டியிருந்தா எங்க கதி?" என்று மட்டும் கேட்டார். அவரே ஆட்டோ பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார். அந்தக் காண்ட்ராக்டர் ஆட்கள் எல்லோருக்கும் வயது பார்த்தார்கள். இன்னும் நாலு பெண்கள் போனார்கள். பேரை மாற்றச் சொல்லப் போனவர்களில் ஒருத்தியும் அதில் உண்டு.

உன் கேள்விக்குப் பதில். அக்டோபரில் தெரிந்திருந்தால் அன்றே ரிப்போர்ட் பண்ணியிருப்பேன். பதினேழு வயதுப் பெண்ணை அந்த லைனில் வைப்பது தப்பு. இப்போதும் தப்பு என்றுதான் சொல்கிறேன். நீ சொல்லாமல் விட்டதால் அவளுக்கு நாலு மாதம் கிடைத்தது. அதற்காக உன்னோடு சண்டை போட எனக்கு வாயில்லை. ஆனால் ஒரு வரி, "விஜயா, அவள் பேர் வந்தால் வேலை போகும்" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். படத்தில் தெரியாததை எழுது என்று எனக்குச் சொல்லித் தந்தவள் நீ.

விஜயகுமார்


சங்கரன்கோவில்
22 பிப்ரவரி 2026

விஜயா,

அந்தக் கடைசி வரியை மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, எழுதவில்லை, என் தப்புதான். நான் உன்னை நம்பவில்லை. நம்பாதது சரிதான் என்று நீயே எழுதிவிட்டாய். இதை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் என்ன செய்வது?

மஞ்சுளா என் போனை எடுப்பதில்லை. கடைசியில் ஒரு தடவை எடுத்தாள். "டீச்சர், லாவண்யாவைத் திட்டிராதீங்க. நல்லாத்தான் எழுதியிருந்தா" என்றாள். பின்னால் யாரோ கன்னடத்தில் கூப்பிட்டார்கள். அதன் பிறகு அந்த நம்பர் கிடைக்கவில்லை.

நீ அவள் வீட்டுக்குப் போ. மன்னிப்புக் கேட்கிறேன் என்று நிற்காதே. அது உனக்குத்தான் உதவும். ஜூன் வரைக்கும் கல்யாணத்தைத் தள்ளிப்போடச் சொல். வீட்டுச் செலவை நான் அனுப்புகிறேன் என்று சொல். அம்மா நாராயணம்மாவிடம் பேசு, அவர் இளகுவார்.

எனக்கு இங்கே பரீட்சை வேலை. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை.

அக்கா


ஓசூர்
15 மார்ச் 2026, ஞாயிறு, காலை

அக்கா,

இரண்டு தடவை போனேன். முதல் தடவை வீடு பூட்டியிருந்தது. போன ஞாயிறு நாராயணம்மா இருந்தார். கதவில் நின்றபடியே பேசினார்.

"மஞ்சுளா எங்கம்மா?"

"அக்கா ஊட்ல."

"எந்த ஊரு?"

"மாலூரு பக்கம்."

"பக்கம்னா, ஊர் பேரு என்னம்மா?"

"எதுக்கு சார், எழுதிக்கறதுக்கா?"

உள்ளே கட்டிலிலிருந்து கங்கப்பன் குரல் கொடுத்தார். "யாரு, அந்தப் படக்காரனா? யுகாதி கழிஞ்சு நல்ல காரியம் வெச்சிருக்கறம்னு சொல்லி அனுப்பு. என்னிக்கு, எங்கன்னு சொல்லாத. சொன்னா அதையும் கொண்டுபோயி ஒட்டிருவான்."

நீ செலவை அனுப்புவதாகச் சொன்னேன். நாராயணம்மா உள்ளே கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "டீச்சரம்மா நல்லவங்க. இதுக்கு மேல எங்களுக்கு நல்லது பண்ண வேணாம்னு சொல்லுங்க" என்று கதவைச் சாத்தினார்.

குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் பண்ணினேன். எதிர்முனையில் பேசிய பெண் பொறுமையாகக் கேட்டார். கல்யாணம் எங்கே, எந்தத் தேதி என்றார். தெரியாது என்றேன். அது கர்நாடகம் சார், அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மாற்றிவிடுகிறோம், ஆனால் ஒரு ஊர் பேராவது வேண்டும் என்றார். பக்கம் என்ற சொல்லை வைத்துக்கொண்டு அவர்கள் எந்த ஊரில் போய் இறங்குவார்கள்?

லாவண்யாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். விடுதியில் போய்க் கேட்டேன். "தெரியாதுங்க சார்" என்றாள். என் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். பையில் பேனா இருந்தது. எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அப்போதும் தெரியாது என்றுதான் சொன்னாள்.

மலர் வேலை முடிந்துவிட்டது, அப்படித்தான் சொல்ல வேண்டும். நேற்றுப் போனபோது பிள்ளைகள் எல்லாக் குறிப்பையும் மாற்றி எழுதி மேஜையில் அடுக்கி வைத்திருந்தார்கள். "மாணவர்கள்." "மாணவியர்." "ஆசிரியர்." ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சொல். சந்தோஷைக் கேட்டேன், அந்த ஆட்டுக் கதை என்னடா ஆயிற்று?

"அந்த ஆடு எங்க பெரியப்பா ஊட்டு ஆடு சார். எதுக்குங்க வம்பு."

கிண்டல் இல்லை. முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே பயம். ஒரு ஆட்டுக்கு. நான் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது கடைசியில் இதுதான்.

நீ அடுத்த கடிதத்தில் ஆறுதல் எழுதாதே. நான் செய்யப்போவது:

1. பிள்ளைகள் எழுதிய ஒற்றைச் சொற்களை அப்படியே அச்சுக்குக் கொடுப்பேன். இனி ஒரு எழுத்தைக்கூடத் திருத்தச் சொல்ல மாட்டேன்.

2. நாளைக்கு மூர்த்தி சாரிடம் கெஞ்சி நிர்மலாவின் ஃபைலைப் பார்ப்பேன். ஆதாரில் இருப்பது அப்பன் வீட்டு முகவரிதான், எனக்குத் தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்.

3. 1098-க்கு மறுபடி பேசுவேன். அதே பெண் எடுத்தால் நல்லது, முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

4. வியாழக்கிழமை யுகாதி, கம்பெனி லீவு. முதல் பஸ்ஸில் மாலூர் போவேன். தமிழ்நாட்டிலிருந்து கட்டிக்கொடுத்த நிர்மலா வீடு எது என்று கடை கடையாகக் கேட்பேன். பண்டிகை நாளில் பாதிக் கடை மூடியிருக்கும்.

5. வீடு கிடைக்காது. கிடைத்தாலும் என்னைப் பார்த்ததும் மஞ்சுளா உள்ளே போய்விடுவாள். வெள்ளிக்கிழமை எனக்கு முதல் ஷிப்ட்.

விஜயகுமார்